செயலித் தமிழாக்கத்தில் எஞ்சி நிற்கும் சரங்கள்: கடலூர்க் கரையை முன்னிட்டு ஓர் ஆய்வு

மொழிபெயர்ப்பு தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியர் மரபியலில் வழிநூலின் வகை நான்கினை உரைக்குமிடத்து மொழிபெயர்ப்பினையும் அவற்றுள் ஒன்றாக வைத்தனர். ஆயினும் அவர் காலத்தும், அவர்க்குப் பின் நெடுங்காலமும், மொழிபெயர்க்கப்பட்டவை நூல்களே. நூலுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. மொழிபெயர்ப்பாளன் இறுதி ஏட்டினை முடித்து எழுதுகோலைக் கீழே வைத்தபின் மூலம் மாறுவதில்லை. இன்று நம் கையகத்துள்ள செல்பேசியில் இயங்கும் செயலியோ அத்தகையதன்று. அது திங்கள்தோறும் மாறுகின்றது. ஓரிடத்தில் ஒரு சொல் நீங்கும். பிறிதோரிடத்தில் இரண்டு தொடர்கள் புகும். மூலமே நிலைநில்லாதாயின் வழிநூல் எங்ஙனம் நிற்கும்? யாம் எடுத்துக்கொண்ட பொருள் இவ்வினாவினின்று தோன்றுவது. தமிழாக்கப்பட்ட செயலியொன்றில் மொழிபெயராது ஆங்கிலமாகவே எஞ்சிவிடும் தொடர்களைக் கண்டறிவது எவ்வாறு, கண்டபின் அவற்றை யாது செய்வது என்பதே அது. இத்தொடர்களைக் கணினித் தமிழார் 'சரம்' என வழங்குவர். அச்சொல்லையே யாமும் மேற்கொள்கின்றோம்.

ஒரு பொத்தானின்மேல் ஆங்கிலச் சொல் ஒன்று எஞ்சி நின்றால் குடி முழுகிவிடுமோ என்று வினவுவார் உளர். பாட்டுக் கேட்கும் செயலியிலும், உணவு வருவிக்கும் செயலியிலும் முழுகாது. ஆனால் எல்லாச் செயலியும் அத்தகையன அல்ல. எல்லாக் கரையும் ஒரு தன்மைய அல்ல. கடலூர் மாவட்டத்துக் கரையினை நோக்குக. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அதனைத் தாக்கியது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தபின், தென்பெண்ணையின் வெள்ளம் கடலூரின் தாழ்ந்த பகுதிகளிற் புகுந்தது. இவற்றுள் முதலாவது நேர்ந்த நாளில் கரையோர மக்களிடம் செயலி என்பதே இல்லை. மூன்றாவது நேர்ந்தபோது வானிலை, அலை, வெள்ளம் பற்றிய செய்தியைப் பலர் செல்பேசியிலேயே பெற்றனர். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்க்கென ஒரு செயலியை உருவாக்கியுள்ளது. உழவர்க்கென நடுவணரசு 2019-இல் மேகதூத் என்னும் செயலியை வெளியிட்டது. இவ்வகைச் செயலியில் எஞ்சும் ஒரு சரம், படகைக் கடலில் இறக்குவதா கரையிலேயே நிறுத்துவதா என்பதைத் தீர்க்கும் சரமாக இருத்தல் கூடும்.

தானே புயலுக்கு ஓராண்டு நிறைவுறும் வேளையில், 2012 டிசம்பர் 28 முதல் 30 வரை, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இணைய மாநாடு கூடியது. தமிழ் கற்றாரும் கணினி கற்றாரும் ஓரவையில் அமர்ந்த நிகழ்ச்சி அது. அதற்கு ஈராண்டின் பின், 2014-இல் வெளிவந்த ஆண்டிராய்டு இயங்குதளத்தின் ஐந்தாம் பதிப்பு தமிழையும் தன் இடைமுக மொழிகளுள் ஒன்றாக ஏற்றது. செல்பேசி தமிழில் பேசத் தொடங்கிய வரலாறு இத்துணைச் சிறியதே. ஆகவே, எஞ்சிய சரங்களை ஆராய்தல் தமிழ்த்துறைக்கு உரிய பணியன்று எனக் கணினியார் தலையில் கட்டிவிடுதல் பொருந்தாது. சொல்லாராய்ச்சி யாண்டு வேண்டப்படுகின்றதோ ஆண்டெல்லாம் தமிழ்த்துறைக்குப் பணி உண்டு.

இனி, சரம் எஞ்சுவது எவ்வாறு எனக் காண்போம். செயலியை ஆக்குவோர் திரையில் தோன்றும் ஒவ்வொரு தொடருக்கும் ஓர் அடையாளப் பெயர் இட்டு, தொடரைத் தனிப் பட்டியலில் வைப்பர். முதன்மைப் பட்டியல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமையும். அதே அடையாளப் பெயர்கள் தமிழ்த் தொடர்களோடு வேறொரு பட்டியலில் அமையும். செல்பேசியின் மொழி தமிழாயின், இயங்குதளம் முதற்கண் தமிழ்ப் பட்டியலில் தேடும். ஆண்டு இல்லையாயின் முதன்மைப் பட்டியலுக்கு மீண்டு, ஆங்கிலத் தொடரை எடுத்துக் காட்டும். எச்சரிக்கையோ தடுமாற்றமோ ஏதுமின்றி இது நிகழும். வெற்றிடம் தோன்றுவதினும் ஆங்கிலம் தோன்றுவது நன்று என்னும் கருத்தால் இவ்வாறு அமைத்தனர். ஆங்கிலம் அறிந்தவனுக்கு அது நன்றே. அறியாதவனுக்கு வெற்றிடமும் ஆங்கிலமும் ஒன்றே; அன்றி, ஆங்கிலத்தில் வந்தது ஏதோ விளம்பரம் என்றெண்ணி அவன் தள்ளிவிடவும் கூடும் ஆதலின், சில வேளைகளில் வெற்றிடத்தினும் தீதாம்.

இம்மீட்சி முறை ஆண்டிராய்டுக்கு மட்டும் உரியதன்று. கட்டற்ற மென்பொருள்களைத் தமிழாக்கியோர் நெடுநாள் பயன்படுத்திவரும் குனூ கெட்டெக்ஸ்ட் என்னும் கருவி 1995-ஆம் ஆண்டளவில் வெளிவந்தது. அதனிலும் தமிழ்த் தொடர் இல்லாதவிடத்து மூலத்தொடரே தோன்றும். ஆனால் அக்கருவி ஒரு நுட்பத்தினை உடையது. மொழிபெயர்த்தது, மொழிபெயராதது என இரண்டாக மட்டும் பகாது, ஐயத்துக்குரியது என மூன்றாவதொன்றையும் அது கொண்டது. மூலத்தொடர் சிறிது மாறியவிடத்து, பழைய தமிழ்த் தொடரை அழித்துவிடாது, ஐயக்குறியிட்டு வைக்கும். மொழிபெயர்ப்பாளர் மீண்டும் பார்த்துக் குறியை நீக்கும்வரை அதனைத் திரையிற் காட்டாது. செல்பேசிச் செயலிகளின் பட்டியல்களில் இத்தகைய குறி இயல்பாக அமைவதில்லை. மூலம் மாறினும் பழைய தமிழ்த் தொடரே திரையில் நிற்கும். ஆங்கிலத்தில் 'மூன்று நாட்டிகல் மைல்' என்றிருந்தது 'ஐந்து' என மாறியிருக்க, தமிழில் இன்னும் 'மூன்று' எனவே இருப்பின், அத்தொடரை எச்சோதனைக் கருவியும் மொழிபெயராதது எனக் கூறாது. எஞ்சிய சரத்தினும் கொடியது இப்பழஞ்சரம். இதனை ஈண்டுச் சுட்டி மேற்செல்கின்றோம்.

செயலியின் தமிழாக்கம் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு நிறைவுற்றது என்பது போன்ற கணக்குகளைக் காண்கின்றோம். இக்கணக்கு பயனற்றதன்று, ஆயினும் ஏமாற்றுவது. ஆயிரம் சரங்களில் இருபது எஞ்சின எனக் கொள்வோம். அவ்விருபதும் பட்டியல் முழுதும் பரந்து கிடப்பன அல்ல. எவை எஞ்சுகின்றன என நோக்கின் இரு வகையே மிகுதியாகக் காணப்படும். ஒன்று, புதியன; இறுதியாகச் சேர்க்கப்பட்ட தொடர்கள் மொழிபெயர்ப்பாளர் கைக்குச் செல்லுமுன் செயலியோடு வெளிவந்துவிடும். மற்றொன்று, அரியன, பிழை நேர்ந்தவிடத்தும், இணைப்பு அற்றவிடத்தும், இடர் வந்தவிடத்தும் மட்டும் தோன்றும் தொடர்கள். சோதிப்பவர் தம் மேசைமுன் அமர்ந்து செயலியைத் திறந்து பார்க்கையில் இவை தோன்றா. தோன்றாமையின் அவர் காணார். ஆகவே எஞ்சுவது தற்செயலாக எஞ்சுவதன்று. நாள்தோறும் காணும் முகப்புத் திரை செவ்வையான தமிழில் பொலிய, புயல் வரும் நாளில் மட்டும் தோன்றும் திரை ஆங்கிலத்தில் நிற்பது இவ்வேலையின் அமைப்பினாலேயே நேர்வது. நூற்றுக்கு இரண்டு என்னும் சிறுபங்கு, இடர் நாளின் திரையில் நூற்றுக்கு ஐம்பதாகவும் தோன்றலாம். ஆதலின் எத்துணை எஞ்சின என்று எண்ணுவதோடு அமையாது, எவ்விடத்து எஞ்சின என்று நோக்குதலே தகும்.

கண்டறியும் கருவிகளைப் பற்றிச் சிறிது கூறுவோம். ஆண்டிராய்டுச் செயலிகளை ஆக்குவோர்க்கு லின்ட் என்னும் சோதனைக் கருவி உண்டு. முதன்மைப் பட்டியலில் உள்ள பெயர் தமிழ்ப் பட்டியலில் இல்லையாயின் அது குறை கூறும். தமிழில் உள்ளது முதன்மையில் இல்லையாயினும் கூறும். பட்டியலில் வையாது திரையமைப்பிலேயே நேரே எழுதிவிட்ட தொடரையும் காட்டும். இவ்வளவே அதன் எல்லை. கருவியின் குறைகூறலைப் பொறாத ஒருவர் ஆங்கிலத் தொடரையே எடுத்துத் தமிழ்ப் பட்டியலில் ஒட்டிவிட்டால், பெயர் இருப்பது கண்டு கருவி அமைதியுறும். இதற்கு மாற்று எளிது. ஒருங்குறியில் தமிழுக்கென ஒதுக்கிய 128 இடங்கள் தனியே உள்ளன. தமிழ்ப் பட்டியலின் ஒவ்வொரு தொடரிலும் அவ்விடங்களுக்குரிய எழுத்து ஒன்றேனும் உண்டோ, உரோமன் எழுத்து உண்டோ எனச் சிறு நிரல் ஒன்றினால் தேடலாம். மூலமும் வழியும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கும் தொடர்களைத் தனியே பிரித்தலும் அவ்வாறே எளிது. இவ்விரு தேடலும் சில நொடிகளில் முடிவன. பின்னர் வரும் ஆய்வே அரிது. என்னை, உரோமன் எழுத்து நிற்குமிடமெல்லாம் பிழையன்று.

இவ்விடத்துத் தொல்காப்பியர் எச்சவியலிற் செய்த சொற்பாகுபாடு நமக்கு வழிகாட்டும். இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் எனச் சொல்லை நான்காக வகுத்தவர், பிறமொழிச் சொல்லை விலக்க வேண்டும் எனக் கூறவில்லை. அம்மொழிக்கே உரிய எழுத்தினை நீக்கித் தமிழ் எழுத்தினால் வழங்குக என்றே கூறினர். சொல்லின் பிறப்பு வேறு, எழுத்தின் உரிமை வேறு என்பதை அவர் தெளிவுறப் பிரித்தனர் என்பது எம் கருத்து. இன்றைய சோதனைக்கு இதுவே அளவுகோல். வானிலைத்துறையின் நிற எச்சரிக்கைகளில் 'ஆரஞ்சு எச்சரிக்கை' என்பது பிறமொழிச் சொல்லை உடையது. ஆயினும் நாளிதழ் வாயிலாகவும் வானொலி வாயிலாகவும் கரையெங்கும் பரவியது. அதனை மொழிபெயராத சரம் எனக் குறித்துச் 'செம்மஞ்சள்' என மாற்ற முனைவது தனித்தமிழ் ஆர்வத்துக்கு ஏற்கும். இடர் நாளுக்கு ஏலாது. அதே சொல் உரோமன் எழுத்தில் நிற்பின் அது பிழை. ஐயமில்லை. ஒரு நிறுவனத்தின் பெயர், இணைய முகவரி, கருவியின் தொடர் எண் என்பன உரோமன் எழுத்திலேயே நிற்கத் தக்கன. அவற்றை மொழிபெயர்க்கற்பாலதன்று என மூலப்பட்டியலிலேயே குறித்துவிட்டால், சோதிப்பவர் ஒவ்வொரு முறையும் அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டா. இக்குறியினை இடுபவர் நிரலாளராக மட்டும் இருத்தல் கூடாது. 'எஸ்.ஓ.எஸ்.' என்னும் குறியைப் பெயர்ச்சொல்லோடு ஒப்ப வைத்து மொழிபெயர்ப்பிலிருந்து விலக்கிவிட்ட நிரலாளர், அது கடலில் உதவி வேண்டுவோன் அழுத்தும் பொத்தான் என்பதை எண்ணாது விட்டிருத்தல் கூடும்.

ஊர்ப்பெயர்கள் தனியே ஆராயத்தக்கன. செயலிகளில் ஊர்ப்பெயர் சரங்களின் பட்டியலில் இருப்பதில்லை. எங்கோ ஒரு தரவுத்தளத்திலிருந்து வருவது. அதனால் மொழிபெயர்ப்பாளர் அதனைக் காண்பதே இல்லை. விளைவு, தமிழ்த் தொடரின் நடுவே உரோமன் எழுத்தில் ஓர் ஊர். இதனை நீக்க எழுத்துப்பெயர்ப்புக் கருவியை ஏவுவார் உளர். ஆங்கிலேயர் கடலூரை எழுதிய முறை, டகர இரட்டையும் இறுதியில் ஓகாரம் போன்ற ஒலியும் உடையது. அதனைக் கருவி எழுத்துக்கு எழுத்துத் தமிழாக்கின் 'குட்டலோர்' என்பது போன்ற ஒன்று பிறக்கும். ஆறுகள் கூடும் இடமாதலின் கூடலூர் என்பதே பழம்பெயர் என்பாரும் உளர். அவ்வாராய்ச்சியையும் எழுத்துப்பெயர்ப்புக் கருவி தீர்த்துவைக்காது. பரங்கிப்பேட்டையின் நிலை இன்னும் வேடிக்கை. போர்த்துக்கேயர் இட்ட 'போர்ட்டோ நோவோ' என்னும் பெயர் பழைய வரைபடங்களில் நிலைத்துள்ளது. அப்பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டினும், கிள்ளையிலிருந்து படகேறுவோர்க்கு அது தம் பக்கத்து ஊர் என்று விளங்குமோ என்பது ஐயமே. ஊர்ப்பெயரைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுதுவதற்கென 2020-இல் தமிழ்நாட்டரசு 1018 ஊர்களுக்கு ஆணை வெளியிட்டுச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. ஆங்கில எழுத்துமுறை எவ்வாறாயினும் ஆகுக. தமிழ்ச் செயலிக்கு வேண்டுவது ஊர்ப்பெயரின் தமிழ் வடிவம். அதனைத் தரவுத்தளத்திலேயே ஆங்கில வடிவத்தோடு உடன்வைத்தல் ஒன்றே தக்க வழி.

பெயர் தமிழில் வந்தபின்னும் தொல்லை தீர்வதில்லை. ஆங்கில மூலத்தில் ஊர்ப்பெயருக்கு ஓர் இடத்தை வெறுமையாக விட்டு, முன்னே ஓர் இடைச்சொல்லை வைத்துத் தொடர் அமைப்பர். தமிழில் அவ்விடைச்சொல் ஊர்ப்பெயரின் பின்னே உருபாக வந்து ஒட்டும். மொழிபெயர்ப்பாளர் வெற்றிடத்தின் பின் 'இல்' என எழுதி வைக்கின்றார். கடலூர் வருங்கால் 'கடலூர்இல்' என்றாகின்றது. சிதம்பரம் வருங்கால் 'சிதம்பரம்இல்'. நெறியோ வேறு. கடலூர் என்பதன் ஈற்று ரகரமெய்யின்மேல் இகரம் ஏறிக் கடலூரில் ஆதல் வேண்டும். சிதம்பரம், விருத்தாசலம், நெல்லிக்குப்பம், தேவனாம்பட்டினம் என மகர ஈறு உடையன அத்துச் சாரியை பெற்றுச் சிதம்பரத்தில், விருத்தாசலத்தில், நெல்லிக்குப்பத்தில், தேவனாம்பட்டினத்தில் என வருதல் வேண்டும். புவனகிரியும் நெய்வேலியும் பண்ருட்டியும் கிள்ளையும் யகர உடம்படுமெய் வேண்டுவன. தாழங்குடா வகர உடம்படுமெய் வேண்டுவது. சேத்தியாத்தோப்பு ஈற்று உகரம் கெட்டுச் சேத்தியாத்தோப்பில் ஆவது. ஒரு மாவட்டத்துக்குள் புணரியல் முழுதும் அடங்கிக் கிடக்கின்றது! எஞ்சிய சரங்களைத் தேடும் எந்நிரலும் 'சிதம்பரம்இல்' என்பதனைப் பிழை எனக் காட்டாது. அதில் உரோமன் எழுத்து ஒன்றும் இல்லை. ஆயினும் அது தமிழ் அன்று. மொழி பெயர்ந்தும் பெயராது நிற்பது.

இதற்கு நிரலாளர் ஒவ்வோர் ஊருக்கும் ஏழாம் வேற்றுமை வடிவத்தைத் தனியே எழுதி வைக்கலாம். நான்காம் வேற்றுமைக்கு மீண்டும் ஒரு பட்டியல். 'கடலூருக்கு', 'சிதம்பரத்துக்கு' என. உழைப்பு மிகும். எளிய வழி நம் இலக்கணத்திலேயே உண்டு. இருபெயரொட்டுப் பண்புத்தொகையில் சிறப்புப்பெயர் திரியாது நிற்க, பொதுப்பெயரே உருபேற்கும். 'சிதம்பரம் வட்டத்தில்', 'கடலூர் வட்டத்தில்', 'புவனகிரி வட்டத்தில்' என்னுங்கால் வெற்றிடத்தில் எவ்வூர் வந்து அமரினும் தொடர் குலைவதில்லை. 'கிள்ளை கடற்பகுதியில்', 'பரங்கிப்பேட்டை கடற்பகுதியில்' என்பனவும் அன்ன. பொதுப்பெயர் வல்லெழுத்தில் தொடங்குவதாயின், கடலூரின்பின் வல்லினம் மிகுமோ, கிள்ளையின்பின் மிகுமோ என்னும் வினா எழும். இடைவெளியிட்டு எழுதி அமைதி கொள்வதே செயலிக்குப் போதும் என்பது எம் துணிபு. புலவர் சிலர் இதற்கு முகஞ்சுளிப்பர். சுளிக்கட்டும்.

எண்ணும் பெயரும் புணருமிடம் இத்துணைத் தொல்லை தருவதன்று. ஒருமைக்கு ஒரு தொடர், ஏனைய எண்களுக்கு ஒரு தொடர் எனத் தமிழுக்கு இரண்டே வடிவம் வேண்டப்படும். 'ஐந்து படகு' என்பதையும் 'ஐந்து படகுகள்' என்பதையும் தமிழ் ஏற்கும் ஆதலின் ஆண்டுப் பிழை நேர்வது அருமை.

மொழிபெயராது எஞ்சியதைக் கண்டவுடன் எதையேனும் இட்டு நிரப்பிவிட வேண்டும் என்னும் வேட்கை இயல்பாக எழும். இன்று அதற்கு மொழிபெயர்ப்புப் பொறிகளும் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. இங்கேதான் பெரிதும் விழிப்பு வேண்டும். செயலிச் சரங்கள் தனித்தனிச் சொற்களாகப் பட்டியலில் நிற்பன. முன்பின் தொடர்பு காட்டா. வானிலைச் செய்தியில் 'டிப்ரஷன்' என்னும் ஆங்கிலச் சொல் தனித்து நிற்பின், அதனை மனச்சோர்வு எனப் பொறி பெயர்த்தல் கூடும், மனிதரும் பெயர்ப்பர். வானிலைத் தமிழில் அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அதற்கு முந்திய நிலை காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. பிந்திய நிலை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். பகுதி, மண்டலம் என்னும் இரு சொற்களின் வேறுபாட்டிலே காற்றின் விரைவும் கடலுக்குச் செல்லலாமா என்னும் முடிவும் அடங்கியுள்ளன. இவ்வாறே 'லேண்ட்ஃபால்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பின் நிலம் சரிந்து விழுவது போலும் ஒரு பொருள் தோன்றும். தமிழர் அதனைப் புயல் கரையைக் கடத்தல் என்பர். எவ்வகராதியிலும் தேடாது, வானொலி கேட்டே வளர்ந்த சொல்லாட்சி அது.

இவ்வகையில் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு துறைமுகத்துப் புயற்குறி. இந்தியத் துறைமுகங்களில் பகலில் கூம்பும் உருளையுமாகிய வடிவங்களைக் கம்பத்தில் ஏற்றியும், இரவில் விளக்குகளை ஏற்றியும் புயலை அறிவிப்பது வழக்கம். இக்குறிகள் 1 முதல் 11 வரை எண்ணிடப்பட்டவை. முதலிரண்டும் தொலைவில் உள்ள புயலைக் குறிக்கும். 3, 4 துறைமுகத்துக்கே நேரக்கூடிய கேட்டினை முன்னறிவிக்கும். 5 முதல் 7 வரை இடர். 8 முதல் 10 வரை பேரிடர். இவற்றைத் தமிழ் மக்கள் 'கூண்டு' என்கின்றனர். 'கடலூர் துறைமுகத்தில் 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது' என்றால் கரையில் விளங்காதார் இலர். ஆங்கிலத்தில் இதனைக் குறி, அடையாளம் என்னும் பொருளுடைய சொல்லால் வழங்குவர். அச்சொல்லை மட்டும் கண்ட மொழிபெயர்ப்பாளர் 'சமிக்ஞை' என்றோ 'சைகை' என்றோ எழுதுவர். செல்பேசிச் செயலி ஆதலின் 'அலைவரிசை வலிமை' என்று கொள்வாரும் இருப்பர். மூன்றும் அகராதிப்படி குற்றமற்றன. மூன்றும் கரையில் பயனற்றன. எஞ்சிய ஆங்கிலச் சரம் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். பிழைபட்ட தமிழ்ச் சரம் தமிழ் எழுத்தின் பின்னே மறைந்து நிற்கும். ஆதலின், பொருள் தெளியாதவிடத்து நிரப்பாது விட்டு, எஞ்சியதாகவே கணக்கிற் காட்டுதல் நேர்மை. சோதனையில் நூற்றுக்கு நூறு பெறவேண்டி இட்டு நிரப்பிய பட்டியலினும், இருபது ஓட்டைகளை வெளிப்படையாகக் காட்டும் பட்டியலே நம்பத்தக்கது.

இன்னுமொன்று. அப்பதினொன்றாம் குறி யாது எனின், வானிலை எச்சரிக்கை நிலையத்தோடு செய்தித் தொடர்பு அற்றுப்போயிற்று என்பதனைக் கம்பத்தில் ஏற்றிக் காட்டுவது அது. செய்தி வாராமையையும் ஒரு செய்தியாக்கி, அதற்கும் ஓர் எண் கொடுத்த பண்டைய துறைமுக முறை வியக்கத்தக்கது. செயலிகளிலோ, தொடர்பு அற்றபோது தோன்றும் தொடரே பெரும்பாலும் மொழிபெயராது நிற்பது. காரணம் முன்னரே கூறினாம். அது அரிதில் தோன்றுவது. அன்றியும் அத்தொடர் செயலியினுடையதாக இல்லாது, செயலி பயன்படுத்தும் வேறொரு நிரற்றொகுதியினுடையதாகவோ, தொலைவிலுள்ள வழங்கியிலிருந்து வருவதாகவோ இருக்கும். அங்குச் சரங்களின் பட்டியலே இராது. இருப்பினும் தமிழாக்கக் குழுவின் கைக்கு எட்டாது.

வழங்கியிலிருந்து வரும் எச்சரிக்கைகளுக்கு உலகளாவிய ஒரு நெறிமுறை உண்டு. பொது எச்சரிக்கை நெறிமுறை எனப்படும் அதில், ஓர் எச்சரிக்கைக்குள்ளேயே மொழிதோறும் ஒரு பகுதி அமைக்கலாம். இன்ன பகுதி இன்ன மொழி என்னும் குறிப்பும் உடன்வரும். இந்தியாவில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத் என்னும் அமைப்பு இந்நெறியைத் தழுவியது. 2023-இல் நாட்டின் பல பகுதிகளில் செல்பேசிகள் ஒருங்கே ஒலித்துச் சோதனைச் செய்தி காட்டியது பலர்க்கும் நினைவிருக்கும். இந்நெறியில் சோதிக்க வேண்டியது தெளிவானது. தமிழ்ப் பகுதி உண்டோ, உண்டாயின் அதன் மொழிக்குறிப்பு தமிழ் என்று உள்ளதோ, இரண்டும் இருந்து செயலி அதனைத்தான் எடுத்துக் காட்டுகின்றதோ என மூன்றையும் வெவ்வேறாகப் பார்த்தல் வேண்டும். மூன்றில் எது தவறினும் கையிலிருக்கும் திரையில் தோன்றுவது ஒன்றே, ஆங்கிலம். பயன்படுத்துவோன் அதனைச் செயலியின் குற்றம் என்பான். செயலியை ஆக்கியோர் செய்தி அனுப்பியோரைச் சுட்டுவர்.

எஞ்சிய சரம் கண்டபின் வெளியீட்டை நிறுத்துவதா விடுவதா என்பதில் எம் நிலை இது. அமைப்புத் திரையிலும், உரிமை பற்றிய பக்கத்திலும், செயலியின் பதிப்பு வரலாற்றிலும் எஞ்சியவற்றுக்காக வெளியீட்டை நிறுத்துதல் வேண்டா. எச்சரிக்கை, உதவி கோரல், தொடர்பு அறுதல், இருப்பிடம் என்னும் நான்கில் ஒரு சரம் எஞ்சினும் வெளியிடலாகாது. இதற்கு மூலப்பட்டியலிலேயே ஒவ்வொரு சரத்துக்கும் அதன் தரத்தைக் குறித்தல் வேண்டும். சோதனை நிரல் எண்ணிக்கையை நோக்காது தரத்தை நோக்கித் தடுக்கும். செலவு சிறிது, சேர்க்க வேண்டியது ஒவ்வொரு சரத்தின் அருகே ஒரு சொல்லே.

கருவி முடித்தபின் மனிதர் படித்தல் வேண்டும். படிப்பவர் யார்? சிதம்பரத்திலிருந்து சில கல் தொலைவில் பரங்கிப்பேட்டையில் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் உள்ளது. அங்குக் கடலியலார் உளர். இங்குத் தமிழ்த்துறை உளது. இருசாரார்க்கும் அப்பால், தேவனாம்பட்டினத்திலும் தாழங்குடாவிலும் கிள்ளையிலும் கடலில் நாளும் செல்வோரிடம் ஒவ்வொரு திரையையும் காட்டி, 'இதைக் கண்டால் யாது செய்வீர்' என்று கேட்டல் வேண்டும். 'இச்சொல் விளங்குகின்றதா' என்று கேட்டால் மரியாதைக்காக விளங்குகின்றது என்பர். செய்வது யாது என்று கேட்டாலன்றி உண்மை வெளிவராது. இதற்கு உரிய காலமும் இயல்பாக அமைந்துள்ளது. கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். மீனவர் வலை பழுதுபார்த்திருப்பர். கட்டற்ற மென்பொருள் குழுக்கள் வெளியீட்டுக்கு முன் ஒரு நாள் குறித்து, அதன்பின் மூலச் சரம் எதனையும் மாற்றலாகாது எனத் தடை விதிப்பர். கடலூர்க் கரைக்குரிய செயலிகளுக்கு அந்நாள் ஆவணி இறுதியாக இருத்தல் நன்று. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவது. புரட்டாசித் திங்கள் ஒன்றே எஞ்சிய சரங்களைத் தேடி முடிப்பதற்குக் கிடைக்கும்.